நாளைக்குக் கேக்குறேங்க

கேட்க வந்ததைக் கேட்காமலே பூங்காவனம் மளிகைக் கடைப் படியை விட்டு இறங்குகிறாள். வந்தது புளி வாங்க. கடைக்காரர் தராசுத் தட்டைப் போடுகிற சத்தத்திலேயே இன்று அவருக்கு மனசு சரியில்லை என்று தெரிந்துவிட்டது. அவர் மனைவியின் முழங்கால் வலியை விசாரித்தாள். கன்று போட்ட எருமையை விசாரித்தாள். "வரேங்க" என்று திரும்பிவிட்டாள். "என்ன வேணும்னு சொல்லாமயே போறியேம்மா?" என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. நடந்துகொண்டே பதில் சொல்கிறாள்: "நாளைக்குக் கேக்குறேங்க."

நாளைக்கு வருவாள். அதற்குள் அவர் முகம் தெளிந்திருக்கும். அடியில் கிடக்கிற கறுத்த புளியைத் தள்ளிவிடாமல் புதுப் புளியாக நிறுத்துக் கொடுப்பார். அதுவரை அவளுடைய கடையில் மோர்க்குழம்பு.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற சாலையில், சுண்ணாம்புக்கல் குவாரிக்குத் திரும்பும் முக்கில் இருக்கிறது அந்தச் சாப்பாட்டுக் கடை. கீற்றுக் கூரை, மூங்கில் தட்டி, இரண்டு நீள மேசை, நாலு பெஞ்சு. கல் ஏற்றிய லாரிகள் போகிற போக்கில் தூவிவிட்டுப் போன வெள்ளைப் புழுதி வேப்பமரத்தின் மேலும், டிரைவர்களின் தலைமயிரிலும், கடை நாயின் முதுகிலும் ஒரே மாதிரி படிந்திருக்கும். குழம்புச் சட்டியின் மேல் மட்டும் படியாது. எந்தச் சட்டியையும் அவள் திறந்து வைப்பதில்லை. திருமானூர்ப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் கொள்ளிடத்து மீன் வந்து இறங்குகிற நாளில் லாரிகள் முக்கிலேயே வரிசை கட்டி நிற்கும்.

தண்ணீர் டம்ளரை அவள் நிறைய ஊற்ற மாட்டாள். புதிதாக வருகிற டிரைவர் யாராவது, "ஏன் ஆத்தா, தண்ணிக்கும் பஞ்சமா?" என்று கேட்பான். "ரொப்பி ஊத்துனா சிந்திரும்யா. முக்கா டம்ளரா ரெண்டு வாட்டி தாரேன்" என்பாள். கை நடுங்கும். இது வயசில் வந்த நடுக்கம் இல்லை. வயது நாற்பதைத் தாண்டி அதிகம் போகவில்லை.

பயம்தான். ஜீப் சத்தத்துக்குப் பயம். காக்கிச் சட்டைக்குப் பயம். தபால்காரர் வந்தாலும் ஒரு நிமிஷம் அடுப்புக்குப் பின்னால் போய்விட்டுத்தான் வருவாள். குவாரியில் மத்தியானம் வேட்டு வைப்பதற்கு முன் விசில் ஊதுவார்கள். எத்தனையோ வருஷமாகக் கேட்கிற விசில்தான். ஆனாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வேட்டுச் சத்தம் அடங்குகிற வரை கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பாள். "அடிவயித்துல கோழி றெக்க அடிக்குதுங்க" என்பாள். சாப்பிடுகிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் கொஞ்சம் சிரிப்பாள்.

இந்தப் பெண்தான் ஒரு தெருவையே காப்பாற்றினாள் என்று சொன்னால் அவர்கள் இன்னும் சத்தமாகச் சிரிப்பார்கள். அதனால் யாரும் சொல்வதில்லை. தெருக்காரர்களுக்குத் தெரியும். குவாரிக்கு மேற்கே மேட்டில் ஓட்டு வீடும் கீற்று வீடுமாக இருக்கிற காலனித் தெரு அது. நடுவில் சுண்ணாம்பு அடித்த ஒரு சின்ன ஜெபவீடு, அதன் பின்னால் புளியமரம், மரத்தடியில் கல்லறைகள்.

தாய் தகப்பன் இல்லாத பூங்காவனத்தை வளர்த்தவர் சித்தப்பா செல்லக்கண்ணு. குவாரியில் கல்லில் வேட்டுக்குக் குழி போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் வேதம் வாசிக்கிறவரும் அவர்தான், தெருவில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதால். திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டார். அங்கே கை பழகியது. எழுபதுகளின் நடுவில் ஊர் திரும்பியபோது, குவாரி முதலாளியின் அரியலூர்ப் பங்களாவுக்குச் சமையலாள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாள்.

முதலாளியின் மனைவி, குடித்துக்கொண்டிருந்த விருந்தாளிகள் முன்னால் வந்து நிற்க மாட்டேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டு மதுரைக்குத் தாய்வீடு போனவர்; திரும்பி வரவில்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லை. பங்களா டிரைவர் அங்கமுத்து பஸ் ஸ்டாண்டில் பூங்காவனத்தைப் பார்த்தான், பேச்சைக் கேட்டான், நெற்றிப் பொட்டைப் பார்த்தான், தானாகவே ஒரு சாதியை ஊகித்துக்கொண்டான். "திருமானூர்ப் பக்கத்துப் பொம்பளைங்க. நம்ம சனந்தான்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டான். அவள் மறுக்கவில்லை.

"நீயா வாயத் தொறந்து சொல்லாத பாப்பா" என்றார் சித்தப்பா. "பொய்யும் சொல்லாத. கேட்டா உண்மையச் சொல்லிடு. கேக்குற வரைக்கும் சும்மா இரு."

யாரும் கேட்கவில்லை. ஆனால் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்திலேயே வருஷங்கள் போயின. சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். ஊருக்கு எப்போதாவது போவாள். தெருவுக்கு நேரே இறங்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கருவேலங்காட்டு வழியாகத் திரும்பி நடப்பாள். காட்டுக்குள் நுழைந்ததும், ஜெபவீட்டுத் தெருவில் யாரும் வைக்காத பொட்டை முந்தானையால் அழிப்பாள். திரும்பும்போது அதே இடத்தில் வைத்துக்கொள்வாள். பக்கத்து ஊரில் ஊர்க்கிணற்றில் தண்ணீர் சேந்தினான் என்று ஒருவனுடைய கையை முறித்ததை அவள் சின்ன வயசில் பார்த்திருக்கிறாள். கிணற்றுத் தண்ணீருக்கே கை என்றால், முதலாளி தினமும் சாப்பிடுகிற சோற்றுக்கு என்ன? சோறு வடிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் அவளுக்குத் துணை.

முதலாளி கெட்டவர் என்று அவள் இன்றைக்கும் சொல்வதில்லை. "கோவக்காரரு. ஆனா காது மெல்லிசு. கடைசியா யாரு பேசுனாங்களோ அவங்க பேச்சுதான் நிக்கும்" என்பாள். சாப்பிடும்போது அவராகக் கேட்டாலொழிய யாரும் பேசக் கூடாது. ஊருக்குப் போக லீவு கேட்ட வாட்ச்மேன் மேல் பித்தளைச் செம்பு பறந்தது. அவன் புருவத்துக்கு மேல் அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது. ஒவ்வொரு நாளும் பரிமாறும்போது பூங்காவனம் முதலில் பார்ப்பது செம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான்.

குவாரி மேனேஜர் கண்ணையன். அவருடைய ஜீப் வந்தால் கல்லுடைக்கிறவர்கள் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். செல்லக்கண்ணு அவிழ்க்க மாட்டார். "வெயிலுக்குக் கட்டுன துண்டுங்க. வெயில் தாழ்ந்தா அவுக்குறேன்" என்றார் ஒரு தடவை. சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைக் கண்ணையன் மறக்கவில்லை. ஒரு ஆளை வேலையிலிருந்து நிறுத்துவது அவருக்குப் போதவில்லை. அந்த ஆள் எந்தத் தெரு என்று விசாரித்தார். அதன் பிறகு வேட்டுக்குழிகள் மேட்டை நோக்கி நகர ஆரம்பித்தன. மத்தியான விசில் கேட்டால் தெருப் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஜெபவீட்டுக்குள் ஓடினார்கள். கூரைகளில் கல் விழுந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பங்களா வராந்தாவில் கண்ணையன் பேசியது சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டது. "அந்த மேட்டுக்கு அடியில நல்ல கல்லுங்க. மேல நாலு குடிசதான் கெடக்கு. எங்கிருந்தோ வந்து குந்திக்கிட்டவனுங்க. சொல்பேச்சு கேக்காத பயலுவ. திங்கக்கிழம காலையில புல்டோசர விட்டா மத்தியானத்துக்குள்ள சுத்தமாயிரும்."

முதலாளி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "பாத்துச் செய்யி" என்றார். எந்த மேடு, யாருடைய குடிசை, எதுவும் கேட்கவில்லை.

அரிவாள்மணையில் பூங்காவனத்தின் கை வழுக்கியது. விரல் வெட்டுப்பட்டதைக்கூட ரத்தம் வாழைக்காயில் பரவிய பிறகுதான் பார்த்தாள்.

வாரச்சந்தையில் சித்தப்பாவைப் பார்த்தாள். யாராவது கவனித்துவிடுவார்களோ என்று அவள் கத்தரிக்காய்க் குவியலைப் பார்த்துக்கொண்டும், அவர் பூண்டுக் கடையைப் பார்த்துக்கொண்டும் முதுகுக்கு முதுகாக நின்று பேசினார்கள். சொல்லி முடித்ததும் அவர் ஒரு பூண்டை எடுத்துக் கையில் உருட்டினார்.

"நீதான் கேக்கணும்" என்றார் பிறகு.

"நானா? யாருன்னு தெரிஞ்சா என்னைய உசுரோட வுடமாட்டாங்க சித்தப்பா."

"நம்ம சபையில எஸ்தர் ராணி கதை வாசிச்சனே, ஞாபகம் இருக்கா? தான் யாருன்னு சொல்லாமதான அவளும் அரமணையில இருந்தா? அவ சனத்த அழிக்கத் தேதி குறிச்சப்ப அவ போயி நிக்கலயா?"

"அவ ராணி. நான் அடுப்படி."

"ராணியும் கூப்புடாம போனா தலதான். ராசா சட்டம் அப்புடி. அந்த வூட்டு அடுப்படிக்கு நீ வந்து சேந்ததே இந்த ஒரு நாளுக்காகத்தானோ என்னமோ. யாரு கண்டா?" கையிலிருந்த பூண்டைத் திரும்பக் குவியலில் வைத்தார். "வேணாம்னா வேணாம் பாப்பா. நான் கட்டாயப்படுத்தல."

கத்தரிக்காயைப் பொறுக்குவது போல் அவள் ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைத்தாள். "நான் கேக்குறேன்" என்றாள் கடைசியில். "எப்பன்னு என்னைய அவசரப்படுத்தாதீங்க. நம்ம தெருவ எனக்காக உபாசம் இருக்கச் சொல்லுங்க. புள்ளைங்கள வுட்டுருங்க."

அன்றிலிருந்து அவளும் சாப்பிடவில்லை. சாப்பாட்டு வாசனையிலேயே நாளெல்லாம் நின்றுகொண்டு சாப்பிடாமல் இருந்தாள். உப்பு பார்க்க மட்டும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினாள்.

வெள்ளிக்கிழமை விரால் மீன் குழம்பு. முதலாளி மூன்றாம் தடவை சோறு வாங்கினார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "இப்படி ஒரு கொழம்பு நான் சாப்புட்டதே இல்ல. ஒனக்கு என்ன வேணும்? கேளு. எதுவானாலும் கேளு."

அவராகக் கேட்டுவிட்டார். இதற்காகத்தானே காத்திருந்தாள். வாயைத் திறந்தாள். அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவளுக்குத் தோன்றியது இது: இப்போது சொன்னால் இப்போது சரி என்பார். சாயந்திரம் கண்ணையன் வருவார், வராந்தாவில் உட்கார்ந்து பேசுவார். கடைசியாகப் பேசுகிறவர் அவர்தான். பேச்சு மாறும். திங்கட்கிழமை புல்டோசர் வரும். தான் யார் என்பதும் அதற்குள் தெரிந்திருக்கும்.

"ஞாயித்துக்கிழம கறி ஆக்குறேங்க" என்றாள். குரல் யாருடையதோ போல் இருந்தது. "மேனேஜர் அய்யாவையும் சாப்புட வரச் சொல்லுங்க. அப்பக் கேக்குறேங்க."

முதலாளிக்கு வேடிக்கையாக இருந்தது. "சரி, வரச் சொல்றேன்."

சமையலறைக்குள் வந்து கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். கேட்க வேண்டிய நேரத்தை விட்டுவிட்டோமோ? அறிவோடு செய்தோமா, பயந்துபோய்த் தள்ளிப்போட்டோமா? இந்தக் கேள்வியை இன்றும் கேட்டுக்கொள்கிறாள். ஒரு தடவை பாஸ்டர் ஜெபவீட்டில் பிரசங்கம் செய்தார்: எஸ்தர் ராணி ராஜாவுக்கு வைத்த முதல் விருந்திலேயே கேட்காமல் இரண்டாம் விருந்துக்குக் கூப்பிட்டது அவளுடைய ஞானம் என்றார். வெளியே வந்த பிறகு பூங்காவனம் மெதுவாகச் சொன்னாள்: "ஞானமும் இருக்கும்ங்க. எனக்கென்னமோ அவளுக்கு வாய் வரலன்னுதான் தோணுது. ஒரு நாளு தள்ளிவச்சா ஒரு நாளு கூட உசுரோட இருக்கலாம்ல?"

முதலாளி விருந்துக்குக் கூப்பிட்டதைக் கண்ணையன் குவாரி முழுக்கச் சொல்லிக்கொண்டார். அதே வாயோடு செல்லக்கண்ணுவின் வீட்டுச் சுவரை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். "மொதக் குழி இங்க. ஞாபகமா இந்த வூட்டுலேருந்து ஆரம்பிங்க."

சனிக்கிழமை பகலில் பங்களாவின் பின்கட்டு வாசலில் தலையில் விறகுக் கட்டோடு சித்தப்பா வந்து நின்றார். அவளுக்கு உயிரே போய்விட்டது.

"கேட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"நாளைக்குக் கேக்குறேன்."

"நம்ம வூட்டுலேருந்துதான் ஆரம்பிக்கணும்னு கோடு போட்டாச்சு. நாளைக்கு வுட்டா அப்பறம் நாளு இல்ல, தெரியும்ல?"

"தெரியும் சித்தப்பா."

பட்டினியில் கண் உள்ளே போன அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று விறகையே பார்த்தாள். அவர் திரும்பி நடக்கும்போது கண்ணையனின் ஜீப் வாசலில் நுழைந்தது.

"இவன் எதுக்கு இங்க வந்தான்?"

"வெறகு கொண்டாந்தாருங்க."

கண்ணையன் விறகைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இவன் தொட்ட வெறக அடுப்புல வைக்காத. வேற வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவள் தலையை ஆட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக் கறி அந்த விறகில்தான் வெந்தது.

ஞாயிறு மத்தியானம் இரண்டு பேருக்கும் இலை போட்டாள். வெள்ளாட்டுக் கறி, குடல் வறுவல், ரசம். செம்பு முதலாளியின் வலது கைப் பக்கம் இருந்தது. ரசம் ஊற்றும்போது கண்ணையனின் சட்டையில் தெறித்தது. "பாத்து ஊத்து" என்று அவர் சுள்ளென்று விழுந்தார்.

முதலாளி சிரித்தார். "வுடுய்யா. அவ ஏதோ கேக்கணும்னு சொன்னா. சொல்லு பூங்காவனம். என்ன வேணும்?"

ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். சுவரில் கை வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு மேட்டுத் தெருவ எடுக்கப் போறாங்களாங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"எடுக்க வேணாங்க. நான் கேக்குறது அவ்வளவுதாங்க."

கண்ணையன் பாதிச் சோற்றோடு நிமிர்ந்தார். "ஏய், ஒனக்கு எதுக்கு இந்தப் பேச்செல்லாம்? உள்ள போ."

"நீ இரு" என்றார் முதலாளி. "அவளைக் கேக்கச் சொன்னது நானு. அந்த நாலு குடிசையில ஒனக்கு என்ன வந்துச்சு?"

"நாலு குடிச இல்லீங்க அய்யா. முழுத் தெருங்க. ஓட்டு வூடு இருக்கு, கெணறு இருக்கு, ஜெபவூடு இருக்கு. எங்கிருந்தோ வந்தவங்க இல்லீங்க. அவங்க பாட்டன் பூட்டனையெல்லாம் அங்கதான் பொதச்சிருக்கு. ஒங்க குவாரியில மொதக் கல்ல ஒடச்சவங்க அவங்கதாங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டுவிட்டார். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடு என்று சித்தப்பா சொல்லியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"நான் அந்தத் தெருங்க. நாளைக்கு மொதல்ல இடிக்கப் போறது நான் வளந்த வூடுங்க."

அந்தச் சாப்பாட்டு அறையில் அப்போது என்ன சத்தம் கேட்டது என்று யாராவது கேட்டால், "ஈ பறக்குற சத்தம்" என்பாள். கண்ணைத் திறந்தபோது முதலாளியின் கை இலையில் அப்படியே இருந்தது. அவர் இலையைப் பார்த்தார். அவளுடைய கையைப் பார்த்தார். மறுபடி இலையைப் பார்த்தார். செம்பை எடுத்தார். அவள் நகரவில்லை. அவர் செம்புத் தண்ணீரில் இலையிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கண்ணையன் எழுந்து வந்தார். இங்கே எழுத முடியாத வார்த்தைகளைச் சொன்னார். பிறகு தோட்டத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். வேப்பமரத்தடியில் முதலாளி அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். கண்ணையனின் குரல் சட்டென்று இறங்கியது. "இங்க பாரு, நாலு குடிசன்னு நான் தெரியாமச் சொல்லிட்டேன்னு நீயே சொல்லிடு. அவரு கேட்டா நீ அப்புடிச் சொல்லணும்." அவள் சமையலறைக்குள் ஒதுங்கப் பார்த்தாள். வழியை மறித்து அவள் கையைப் பிடித்தார். "சொல்றியா இல்லியா?"

"என் வூட்டுக்குள்ளயே கையப் புடிக்கிறியா?"

முதலாளி வாசலில் நின்றார். கண்ணையன் கையை விட்டார்.

"நாலு குடிசன்னு சொன்ன."

"அய்யா, அது வந்து..."

"புல்டோசர் போவாது. நாளைக்கு இல்ல, என்னைக்கும் போவாது. ஜீப்பு சாவிய வச்சுட்டுக் கெளம்பு."

சாவி மேசை மேல் விழுந்தது. கண்ணையன் போன பிறகு முதலாளி அவள் பக்கம் திரும்பாமலே, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீயும் போயிரு."

எத்தனையோ நாள் அவர் பசியாற்றியவள். ஏன் இத்தனை நாளும் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல அவளிடம் ஒரே வார்த்தைதான் இருந்தது, பயம். தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டு வழியாக வெளியே வந்தாள். மறுநாள் முதலாளியின் தங்கை வந்து மண்சட்டிகளையெல்லாம் உடைத்துப் போட்டு, சமையலறையைக் கழுவி விட்டதாக அங்கமுத்து பிறகு சொன்னான். அவன்மேல் விழுந்த அடியைப் பற்றி அவன் சொல்லவில்லை. வீங்கிய கன்னத்தைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள். "என்னால ஒங்களுக்கு இப்புடி ஆச்சேண்ணே" என்று அழுதாள்.

அன்று ஊருக்குப் போகும்போது அவள் கருவேலங்காட்டு வழியாகப் போகவில்லை. தெருவுக்கு நேரே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். அவள் சொன்னதைத் தெரு நம்பவில்லை. திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து பானை சட்டி, கோழி, கட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். புல்டோசர் வரவில்லை. மத்தியான விசில் தூரத்தில், குவாரியின் மறுபக்கம் கேட்டது. சித்தி இருசம்மாள்தான் முதலில் எழுந்து அடுப்பைத் தூக்கி உள்ளே வைத்தாள். அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

வருஷா வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் எல்லோருக்கும் சேர்த்துக் கறி ஆக்குகிறார்கள். ஆக்குவது பூங்காவனம். சித்தப்பா இரண்டு வார்த்தை பேச எழுந்தால், "கறி அடிபுடிச்சிரும், நான் போறேன்" என்று அடுப்புக்கு ஓடிவிடுவாள். கண்ணையன் வேறெங்கோ குவாரியில் வேலையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எந்த ஜீப்பிலிருந்து எப்போது இறங்குவாரோ என்று அவள் இன்னும் சாலையைப் பார்க்கிறாள்.

போன மாதம் ஒரு மத்தியானம், கடை நிறையக் கூட்டம். முக்கில் ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. முதலில் அவள் அடுப்புக்குப் பின்னால்தான் போனாள். இறங்கி வந்தவன் அங்கமுத்து, கையில் எவர்சில்வர் அடுக்கு.

"அய்யா கொழம்பு வாங்கியாரச் சொன்னாரு" என்றான் தாழ்ந்த குரலில். "இன்னிக்கு வெரால் மீனாமே? அவருக்கு ஒடம்பு சரியில்ல. எதுவும் எறங்க மாட்டேங்குது. ஒன் கொழம்பு வேணும்னாரு. யாருக்கும் தெரிய வேணாம்."

அவள் காரைப் பார்த்தாள். பின்கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு நரைத்த தலை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அடுக்கை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். குழம்புச் சட்டி பக்கத்தில்தான் இருந்தது. கரண்டியை எடுத்தாள், வைத்தாள். அடுக்கை மூடி அப்படியே வெறுமனே திருப்பிக் கொடுத்தாள்.

"எறங்கி வந்து சாப்புடச் சொல்லுங்கண்ணே."

"ஏய், வெளையாடுறியா? இந்த லாரிக்காரனுங்களோடயா? ஒன் கையால, நடுரோட்டுலயா? ஊத்திக் குடு புள்ள, கோவப்படுவாரு."

"சூடா இருக்குண்ணே. வந்து சாப்புடச் சொல்லுங்க."

அங்கமுத்து காருக்குப் போய்க் கண்ணாடிப் பக்கம் குனிந்து பேசினான். கதவு திறக்கவில்லை. வண்டியும் கிளம்பவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பூங்காவனம் சாலையோர மேசையைத் துடைத்தாள். ஒரு தலைவாழை இலையை எடுத்து விரித்துத் தண்ணீர் தெளித்தாள். கல் லாரி ஒன்று கடந்து போனது. அதன் காற்றில் இலை மேலெழுந்தது. அது பறந்துவிடாதபடி நடுங்குகிற உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, மூடியிருக்கிற கார்க் கதவைப் பார்த்தபடி நின்றாள்.